ஏழாம் அத்தியாயம்: வழிபடுகிறவர்களின் படங்கள்

நூலகங்களில் உள்ள பழைய படங்களில் அதிகம் தவறாகக் கையாளப்படுபவை சமயக் குழுக்களின் படங்கள்தான். பழைய ரயில் நிலையத்தின் படம் கிடைத்தால் எந்த ஊர், எந்த ஆண்டு என்று உடனே கேட்கிறோம். தாடி வைத்த முதியவர் ஒருவர் வேதச் சுருளை ஏந்தி நிற்கும் படம் கிடைத்தால் அந்தக் கேள்விகள் எழுவதில்லை. ‘பண்டைக்கால மதகுரு’ என்று கீழே எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் எந்த ஆண்டில் இறந்தார் என்பதுகூடப் பதிவாகியிருக்கலாம். படத்தை எடுத்தவர் யார், யாருக்கு விற்க எடுத்தார் என்பதும் தேடினால் கிடைக்கக்கூடியதே. அந்தத் தேடலுக்கு வழி சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை.

பொதுவான அறிவுரைகளை அடுக்குவதைவிட ஒரு தொகுப்பை எடுத்துக்கொண்டு அதற்குள் நுழைந்து பார்ப்பது பயன்தரும். வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் மேட்சன் தொகுப்பை எடுத்துக்கொள்கிறேன். ஜெருசலேமையும் அதைச் சுற்றியுள்ள நாடுகளையும் 1898 முதல் 1946 வரை படம் பிடித்த 22,000க்கும் அதிகமான நெகடிவ்களும் வண்ணம் தீட்டிய ஸ்லைடுகளும் அதில் உள்ளன. வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம், பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. யூதர், முஸ்லிம், சமாரியர், ஆர்மேனியர், கிரேக்கக் கிறித்தவர், சிரியக் கிறித்தவர், எத்தியோப்பியத் துறவியர் என ஒரு சிறிய நிலப்பரப்பில் வழிபட்ட அத்தனை பேரும் அங்கே இருக்கிறார்கள். இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். இந்தப் படங்களில் கேமராவுக்கு முன்னால் இருந்ததும் சமயக் குழு, பின்னால் இருந்ததும் சமயக் குழு. எந்த ஊர்ப் படமானாலும் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் எனக்குத் தெரிந்து இல்லை.

கேமராவுக்குப் பின்னால்

சிகாகோ வழக்கறிஞர் ஹோரேஷியோ ஸ்பாஃபோர்டும் அவர் மனைவி அன்னாவும் 1873இல் ஒரு கப்பல் விபத்தில் நான்கு பெண் குழந்தைகளையும் பறிகொடுத்தவர்கள். அன்னா மட்டும் பிழைத்தார். சில ஆண்டுகள் கழித்து, 1881இல், தங்களைப் போலவே நம்பிக்கை கொண்ட சிலரோடு ஜெருசலேமுக்குப் போய்க் குடியேறினார்கள். ஒரே குடும்பமாக வாழ்வது, சொத்தைப் பொதுவில் வைப்பது, கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருப்பது என்று இருந்த அந்தக் குழுவுக்கு ஊரார் வைத்த பெயர் அமெரிக்கன் காலனி. 1896இல் சிகாகோவில் இருந்த ஸ்வீடன் நாட்டவரும், ஸ்வீடனின் நோஸ் என்ற ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பிய விவசாயிகளும் வந்து சேர்ந்தார்கள். செல்மா லாகர்லோஃப் எழுதிய ‘ஜெருசலேம்’ நாவலுக்கு வித்திட்டது இந்த நோஸ் ஊர்க்காரர்களின் பயணம்தான்.

இத்தனை பேருக்கும் சோறு போட வருமானம் வேண்டும். 1898இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம் ஜெருசலேமுக்கு வந்தபோது காலனியைச் சேர்ந்த எலியா மேயர்ஸ் அந்த வருகையைப் படம் பிடித்தார். மேயர்ஸ் இந்தியாவிலிருந்து வந்த யூதர், கிறித்தவராக மாறியவர். படங்கள் விற்றன. அப்படித் தொடங்கிய புகைப்படப் பிரிவை, நோஸ் ஊரிலிருந்து சிறுவனாக வந்த லூயி லார்சன் பிறகு பல ஆண்டுகள் நடத்தினார். அதே ஊரிலிருந்து அதே 1896இல் எட்டு வயதில் வந்த எரிக் மேட்சனும், அமெரிக்காவின் கன்சாஸிலிருந்து வந்த எடித் யான்டிஸும் அங்கே வேலை கற்று, மணந்து, 1934இல் அந்தத் தொழிலைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். யாஃபா வாசலருகே இருந்த காலனிக் கடையில் யாத்திரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் பிரிண்டுகளையும் அஞ்சல் அட்டைகளையும் ஸ்லைடுகளையும் வாங்கிப் போனார்கள்.

இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் முதல் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் படிக்க வேண்டியது எடுத்தவர்களின் கதையைத்தான். நூலகத்தின் தளத்தில் ‘தொகுப்பைப் பற்றி’ என்ற பக்கம் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிக்கொண்டு நேரே தேடுபெட்டிக்குப் போகிறார்கள். போகாதீர்கள். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: இவர்கள் எதை நம்பினார்கள்? யாருக்கு விற்றார்கள்? படத்தில் உள்ளவர்களோடு இவர்களுக்கு என்ன உறவு?

அமெரிக்கன் காலனி விஷயத்தில் முதல் கேள்விக்கான விடை பல படங்களின் பொருளையே மாற்றிவிடும். 1882இல் யேமன் நாட்டிலிருந்து ஏழை யூதர்கள் ஜெருசலேமுக்கு வந்து திறந்தவெளியில் தங்கியபோது காலனியினர் அவர்களுக்கு உணவும் இருப்பிடமும் கொடுத்தார்கள். அது உண்மையான உதவி. கூடவே ஒரு நம்பிக்கையும் இருந்தது: விவிலியத்தில் வரும் காத் கோத்திரம்தான் இவர்கள், தீர்க்கதரிசனம் நிறைவேறத் தொடங்கிவிட்டது என்று காலனியினர் எண்ணினார்கள். ‘காதியர்’ என்றே அவர்களை அழைத்தார்கள். பிற்காலத்தில் காலனி எடுத்த யேமன் யூதர்களின் படங்களைப் பார்க்கும்போது இந்தப் பின்னணி உங்கள் கையில் இருக்க வேண்டும். கம்பீரமான முகம், ஒருபுறமாக விழும் வெளிச்சம், விவிலியக் காலத்து மனிதர் என்று தோன்றவைக்கும் நிலை. அந்த அழகைத் தேடிப் போனவர்கள் எதைத் தேடினார்கள் என்பதும் படத்தின் ஒரு பகுதிதான்.

இரண்டாம் கேள்விக்கான விடை வேறொரு எச்சரிக்கையைத் தரும். வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கக் கிறித்தவர்கள். அவர்களுக்காக 23ஆம் சங்கீதத்தின் காட்சிகளையும் ரூத்தின் கதையையும் உள்ளூர் மேய்ப்பர்களையும் கிராமத்துப் பெண்களையும் வைத்து வரிசை வரிசையாக எடுத்தார்கள். அந்தத் தனிப்படங்களில் ஒன்று எப்படியோ ‘பெத்லகேம் விவசாயக் குடும்பம்’ என்ற பெயரில் உங்கள் கைக்கு வந்தால், அது நாடகக் காட்சி என்று எப்படித் தெரியும்? வரிசை எண்ணைப் பாருங்கள். அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் எடுத்துப் பாருங்கள். அதே பெண் அதே உடையில் அடுத்த படத்தில் கதிர் பொறுக்கிக்கொண்டும், அதற்கடுத்ததில் ரூத்தின் கதையில் வரும் போவாஸின் முன் நின்றுகொண்டும் இருப்பாள்.

மூன்றாம் கேள்வியில் ஒன்றை விட்டுவிடக் கூடாது. பிரிவின் பெயர் அமெரிக்கன் என்றாலும் அங்கே வேலை செய்தவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. நஜீப் அல்பினா அங்கே தொழில் செய்தவர். பின்னாளில் சாக்கடல் சுருள்களைப் படம் பிடித்த பெருமை அவருடையது. ஹன்னா சாஃபியேயும் மேட்சனிடம் வேலை செய்தவர். ஆகவே எல்லாப் படங்களையும் ‘அயலார் பார்வை’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது.

பெயரும் ஆண்டும்

மேட்சன் தம்பதி 1946இல் ஜெருசலேமை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குப் போனார்கள். 1966இல் எரிக் மேட்சன் தம்மிடம் இருந்த நெகடிவ்களை லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குக் கொடுத்தார். ஜெருசலேமிலேயே தங்கிவிட்ட மற்றொரு பகுதி 1970இல் கப்பலேறியது. கிழக்கு ஜெருசலேமில் ஒய்எம்சிஏ கட்டடத்தின் நிலவறையில் கிடந்த அந்தப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. சில தட்டுகளின் ஓரங்களில் மருந்துப் பூச்சு உரிந்தும் குமிழியிட்டும் காணப்படுவது அதனால்தான். படத்தில் வானத்தில் ஏதோ புகைபோலத் தெரிந்தால் அதைத் தீ என்றும் குண்டுவெடிப்பு என்றும் எழுதிவிடாதீர்கள். முதலில் தட்டின் ஓரத்தைப் பாருங்கள்.

படக்குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்பது இதைவிடப் பெரிய சங்கதி. பதிவின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். மேட்சன் பதிவேட்டிலிருந்து எடுத்த தலைப்பு என்று சிலவற்றில் இருக்கும், அவர்களுடைய விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்தது என்று சிலவற்றில் இருக்கும். பதிவேடு என்றால் தொழில் செய்தவர் தம் உபயோகத்துக்கு எழுதியது, அதில் நாளும் இருக்க வாய்ப்பு உண்டு. விற்பனைப் பட்டியல் என்றால் வாங்குபவரை ஈர்க்க எழுதியது. ஒன்றை நம்பும் அளவுக்கு மற்றதை நம்பக் கூடாது.

ஆண்டு விஷயத்தில் இதே கவனம் வேண்டும். ‘சுமார் 1900 முதல் 1920 வரை’ என்று நூற்றுக்கணக்கான படங்களுக்குப் போட்டிருக்கும். அது அந்தப் படத்தின் வயதைச் சொல்லவில்லை, அந்த வகை நெகடிவ்களின் காலத்தைச் சொல்கிறது. அதை நடுவில் வெட்டி ‘1910’ என்று அச்சிட்ட புத்தகங்கள் உண்டு. அப்படிச் செய்வது ஆண்டைக் கற்பனை செய்வதுதான்.

ஆண்டை நீங்களே நெருங்கிப் பிடிக்கலாம், அதற்குக் கட்டடங்கள் உதவும். யாஃபா வாசலின் மேல் ஒட்டோமான் அரசு கட்டிய மணிக்கூண்டு 1908 வாக்கில் எழுந்தது, பிரிட்டிஷார் அதை 1920களின் தொடக்கத்தில் இறக்கிவிட்டார்கள். ஆகவே திருவிழா ஊர்வலம் ஒன்றின் பின்னணியில் அந்த மணிக்கூண்டு தெரிந்தால் உங்களுக்குப் பதினைந்து ஆண்டுச் சன்னல் கிடைத்துவிட்டது. திருக்கல்லறைத் தேவாலயத்தை 1927 ஜூலை நிலநடுக்கம் உலுக்கியது, 1930களின் நடுவில் அதன் முகப்பை இரும்புத் தாங்கிகள் பிடித்து நிறுத்தின. முகப்பில் இரும்புச் சட்டகம் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது.

அதே முகப்பு இன்னொரு சோதனைக்கும் பயன்படும். கண்ணாடித் தட்டை மாற்றிப் போட்டு நகலெடுத்தால் படம் இடவலமாகத் திரும்பிவிடும். கோவில் முற்றத்தில் நின்று பார்க்கும்போது மணிக்கோபுரம் இடப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு வாசல்களில் வலப்பக்க வாசல் கல்வைத்து அடைத்திருக்க வேண்டும். மேல்மாடத்தில் சார்த்தியிருக்கும் புகழ்பெற்ற சின்ன ஏணி வலப்பக்கச் சன்னலின் கீழ் இருக்க வேண்டும். அவை மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. கட்டடம் இல்லாத படத்தில் அரபு, எபிரேய எழுத்து ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். வழிபாட்டில் வலக்கை, இடக்கை வேறுபாடு பெரிய பொருள் கொண்டது, இந்தச் சோதனை செய்யாமல் ‘இடக்கையால் ஆசி வழங்குகிறார்’ என்று எழுதிவிட்டால் அந்தச் சமூகத்துக்கே புதுச் சடங்கு கண்டுபிடித்தவர் ஆவீர்கள்.

தேடுவது

தேடும்போது இன்றைய சொற்களை மட்டும் போட்டால் பாதிப் படங்கள் தப்பிவிடும். தலைப்புகள் அக்கால வழக்கில் இருக்கின்றன. முஸ்லிம்களை ‘மோஸ்லெம்’ என்றும், எத்தியோப்பியரை ‘அபிசீனியன்’ என்றும், மேற்குச் சுவரை ‘வெய்லிங் வால்’, ‘வெய்லிங் பிளேஸ்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆட்களின் பெயரைவிட இடத்தின் பெயரால் தேடுவது நல்ல பலன் தரும். ஜெருசலேமை 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியபோது பாறைக் குவிமாடத்தைக் காக்க இந்திய முஸ்லிம் வீரர்களைக் காவல் வைத்தார்கள். இந்தியப் படைவீரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த ஆண்டையும் அடுத்த ஆண்டையும் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கலாம்.

இறக்கும்போது இருப்பதிலேயே பெரிய டிஃப் கோப்பை இறக்குங்கள். சிறிய ஜேபெக்கில் தாடியும் தலைப்பாகையும் தெரியும். பெரிய கோப்பில் பின்வரிசையில் சிரிக்கும் பையன், கடைப்பலகை, சுவரில் ஒட்டிய அறிவிப்பு, கூட்டத்துக்குள் தொப்பி போட்டு நிற்கும் சுற்றுலாப் பயணி எல்லாம் தெரியும். அந்தப் பயணி தெரிந்துவிட்டால் படத்தின் கதையே வேறாகிவிடும். கோப்பின் பெயரில் உள்ள ‘எல்சி-டிஐஜி-மேட்பிசி’ என்று தொடங்கும் எண்ணை உடனே குறித்து வையுங்கள். பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டால் 22,000 படங்களுக்குள் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

கண்ணாடித் தட்டு எதைப் பிடிக்கும்

அக்காலத் தட்டுகள் நிறங்களை நம் கண் பார்ப்பதுபோலப் பார்க்கவில்லை. பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மேல் தெரியும். சிவப்புத் துருக்கித் தொப்பி கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீல வானம் வெறும் வெள்ளையாகவும் விழும். ஆகவே ‘கறுப்பு அங்கி அணிந்த பாதிரியார்’ என்று எழுதுவதற்கு முன் அந்தச் சபையின் அங்கி என்ன நிறம் என்று வேறு இடத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். காலனி விற்ற வண்ண ஸ்லைடுகள் கையால் தீட்டியவை. அவை தீட்டியவரின் கைத்திறனுக்குச் சாட்சி, கொடியின் நிறத்துக்குச் சாட்சி ஆகமாட்டா. இன்று கணினியில் பழைய படங்களுக்கு வண்ணம் ஏற்றுகிறார்கள். சமயச் சடங்குப் படங்களுக்கு அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வழிபாட்டில் நிறம் என்பது அலங்காரம் இல்லை. துக்கத்துக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, பட்டம் பெற்றவருக்கு ஒன்று என்று அது பேசுகிறது. ஊகத்தில் ஏற்றிய நிறம் அந்தச் சமூகத்தின் வாயில் பொய் வைக்கிறது.

வெளிச்சமும் அப்படியே. இருட்டான தேவாலயத்துக்குள் எடுக்கும் படத்துக்குச் சில வினாடிகள் தேவைப்பட்டன. உள்ளே நிற்கும் துறவியின் முகம் துல்லியமாக இருந்தால் ஒன்று அவரை அசையாமல் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது மக்னீசியத் தூளை வெடித்து வெளிச்சம் உண்டாக்கியிருக்கிறார்கள். பின்சுவரில் கூர்மையான நிழல் விழுந்திருந்தால் இரண்டாவது. இரண்டிலும் வழிபாடு நின்றிருக்கிறது. ‘செபத்தில் ஆழ்ந்திருக்கும் துறவி’ என்று எழுதுவதைவிட ‘படத்துக்காக நிற்கும் துறவி’ என்று எழுதுவது அவருக்கும் மரியாதை.

இந்தக் காரணத்தால் தொகுப்பில் எது நிறைய இருக்கிறது என்பதே ஓரளவு முன்கூட்டி முடிவாகிவிடுகிறது. வெயிலில் நடக்கும் விழாக்கள் குவிந்திருக்கும். கிழக்கத்தியக் கிறித்தவரின் ஈஸ்டரை ஒட்டி நாப்ளூஸிலிருந்தும் ஹெப்ரோனிலிருந்தும் முஸ்லிம்கள் கொடிகளோடு வந்து எரிகோ பக்கம் போகும் நபி மூசா ஊர்வலம், பெரிய வியாழனன்று முற்றத்தில் நடக்கும் பாதம் கழுவும் சடங்கு, மலைமேல் சமாரியர் பஸ்கா. ஓய்வுநாளுக்காக யூத இல்லத்தில் ஏற்றும் விளக்கு இருக்காது. அன்று படம் எடுப்பதை அவர்களுடைய சட்டமே ஏற்காது. முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள் தொழுவது இருக்காது. ஒரு சமூகம் எப்போதும் கொடி பிடித்து ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது என்ற எண்ணத்தைத் தொகுப்பு உண்டாக்கினால், அது வெளிச்சத்தாலும் அனுமதியாலும் வந்த எண்ணம்.

கெரிசீம் மலைமேல்

ஒரே சடங்கை முழுதாகப் பின்தொடரும் வாய்ப்பு நூலகத் தொகுப்புகளில் எளிதில் கிடைப்பதில்லை. இங்கே கிடைக்கிறது. நாப்ளூஸுக்கு மேலே உள்ள கெரிசீம் மலையில் சமாரியர் இன்றும் ஆட்டைப் பலியிட்டுப் பஸ்கா கொண்டாடுகிறார்கள். ஜெருசலேமை ஏற்காமல் கெரிசீமையே புனித மலையாகக் கொண்ட சமூகம் இது. முதல் உலகப்போர்க் காலத்தில் அவர்கள் மொத்தமே 150 பேர் அளவில்தான் இருந்தார்கள். காலனியிலேயே பிறந்து வளர்ந்த ஜான் வைட்டிங் அவர்களோடு பழகி, அந்தச் சடங்கைப் பற்றி 1920 ஜனவரி நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் எழுதினார்.

தொகுப்பில் உள்ள படங்களைச் சடங்கின் ஒழுங்கில் அடுக்கிப் பாருங்கள். கூடாரங்கள் எழுகின்றன. குழி தோண்டி, கல் அடுக்கி, உள்ளே நெருப்பு வளர்க்கிறார்கள். கொப்பரைகளில் நீர் கொதிக்கிறது. வெள்ளுடை அணிந்த ஆண்கள் திரண்டு நின்று தொழுகிறார்கள். தலைமைக் குரு வாசிக்கிறார். ஆடுகளை அறுக்கிறார்கள். கொதிநீர் ஊற்றி மயிரைப் பிடுங்குகிறார்கள். பழுது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நீண்ட மரக்கோலில் முழு ஆட்டையும் கோத்துக் குழிக்குள் இறக்கி, வாயை மூடி மண் பூசுகிறார்கள். நள்ளிரவை ஒட்டித் திறந்து, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அவசரமாக உண்கிறார்கள். மிஞ்சியதை எரித்துவிடுகிறார்கள்.

இப்போது நூலகத்தின் எண் வரிசையோடு இதை ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்கள் வரும். காலனியினர் ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் எடுக்கவில்லை, பல ஆண்டுப் படங்களைச் சேர்த்து ஒரு வரிசையாக விற்றார்கள். ஆகவே வரிசையை ஒரே நாளின் பதிவாக அச்சிடக் கூடாது. எந்தப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று பிரிக்கத் தலைமைக் குருவின் முகமே சிறந்த சாட்சி. யாக்கோபு பென் ஆரோன் 1916இல் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஈசாக்கு பென் அம்ராம். இருவருக்கும் பெயரிட்ட படங்கள் வேறு நூல்களிலும் உள்ளன. தலைமைக் குருவாக நிற்பவரின் முகத்தை அடையாளம் கண்டுவிட்டால் படம் 1916க்கு முந்தியதா, பிந்தியதா என்பது தெளிவாகும். கூட வரும் குழந்தைகளையும் கவனியுங்கள். ஒரு படத்தில் தோளில் இருந்த குழந்தை இன்னொன்றில் விறகு தூக்கும் சிறுவன். 150 பேர் கொண்ட சமூகத்தில் இப்படி முகங்களைத் தொடர்ந்து போக முடியும். பெரிய கூட்டங்களில் இதற்கு வழியே இல்லை.

வைட்டிங்கின் கட்டுரைத் தலைப்பே இதைக் கடைசிப் பலி என்று சொன்னது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பலி நடக்கிறது, சமூகம் 800 பேரைத் தாண்டிவிட்டது. கெரிசீமிலும் ஹோலோன் நகரிலும் வாழும் அவர்கள் இந்தப் படங்களில் தங்கள் தாத்தாவையும் பாட்டியையும் தேடுகிறார்கள். ‘அழிந்துவரும் இனம்’ என்ற அக்காலத் தொனியை உங்கள் எழுத்துக்குள் விட்டுவிடாமல் இருப்பது அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய நியாயம்.

சுவரின் முன்னே

யூதர்கள் தொழும் மேற்குச் சுவரின் படங்கள் இன்றைய அரசியலில் அடிக்கடி வீசப்படுபவை. அதனால் இன்னும் நிதானம் தேவை. இன்று நாம் காணும் அகன்ற வெளி 1967க்குப் பின் வந்தது. காலனியின் படங்களில் இருப்பது நான்கு மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள சந்து. அதில் ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில் நின்று தொழுவதைக் காணலாம். இதை மட்டும் வைத்து ‘அக்காலத்தில் ஆண் பெண் பிரிவினை இல்லை’ என்று முடிவுகட்டுகிறார்கள். படத்துக்கு வெளியே ஒரு விதி இருந்தது: சுவரின் முன் இருக்கையோ திரையோ வைக்கக் கூடாது என்பது ஒட்டோமான் காலத்து ஏற்பாடு. 1928இல் பாவநிவாரண நாளன்று வைத்த திரையைப் பிரிட்டிஷ் காவலர் அகற்றினார்கள். அதிலிருந்து கிளம்பிய சச்சரவு 1929இன் கலவரத்தில் போய் முடிந்தது. திரை இல்லாத படம் அங்கே தொழுதவர்களின் விருப்பத்தைக் காட்டுகிறதா, அரசின் தடையைக் காட்டுகிறதா என்பதற்குப் படத்தில் விடை இல்லை. அதற்கு ஆவணங்களைத்தான் படிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களில் வேறு கைகள் எடுத்த படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம். ஜெருசலேமில் புகைப்படக் கலையை வேரூன்றச் செய்தவர்கள் ஆர்மேனியர்கள். புனித யாக்கோபு மடத்துக்குள்ளேயே யெசாயி கராபேதியன் பட்டறை வைத்துப் பயிற்சி கொடுத்தார், பின்னாளில் அவரே ஆர்மேனிய முதுபெரும் தந்தை (பேட்ரியார்க்) ஆனார். அவர் மாணவர் கராபெத் கிரிகோரியன் யாஃபா சாலையில் ஸ்டூடியோ நடத்தினார். அரபுப் புகைப்படக்காரர் கலீல் ரஆத் அதே சாலையில் கடை வைத்தார். அவருடைய தொகுப்பு பெய்ரூட்டில் பாலஸ்தீன ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. 1890இல் டொமினிக்கன் துறவியர் தொடங்கிய எக்கோல் பிப்ளிக் நிறுவனத்துக்கும் சொந்தக் கண்ணாடித் தட்டுகள் உண்டு. ஒரே விழாவை இரண்டு கைகள் எடுத்திருந்தால் எது மாறுகிறது என்று பாருங்கள். ஒருவர் கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறார், இன்னொருவர் மாடியிலிருந்து பார்க்கிறார். ஒருவருக்கு மக்கள் திரும்பிச் சிரிக்கிறார்கள், இன்னொருவருக்கு முகத்தை மறைக்கிறார்கள். அனுமதி யாருக்கு இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்வதில்லை.

அச்சிடும்போது

மேட்சன் தொகுப்பின் படங்களை வெளியிட நூலகத்துக்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை என்று பதிவில் இருக்கும். சட்டம் அவ்வளவுதான் சொல்லும். ஒரு சமூகம் பிறர் பார்க்கலாகாது என்று கருதும் சடங்கை அட்டைப்படமாகப் போடலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டிக் கேட்பது நல்லது. அனுமதி கேட்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது உங்களுக்குத் தெரியாது.

காலனி உறுப்பினர்களின் குழுப்படங்களில் பெயர்கள் இருக்கும். மற்றவர்களின் படங்களில் ‘யேமன் யூதர்’, ‘சமாரியக் குரு’, ‘பெதூயின் பெண்’ என்று வகை மட்டும் இருக்கும். ஒரே தொகுப்புக்குள் இந்த ஏற்றத்தாழ்வு இருப்பது எனக்கு எப்போதும் உறுத்தும். பெயரைக் கண்டுபிடிக்க முடிந்தால் கண்டுபிடித்துப் போடுங்கள். முடியாவிட்டால் வகையைப் பெயர்போல எழுதாமல், ‘பெயர் பதிவாகவில்லை’ என்று எழுதுங்கள்.

படக்குறிப்பில் கண்ணால் கண்டதும், நூலகம் சொன்னதும், நீங்கள் ஊகித்ததும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ‘பழங்கால யூத பூசாரி, 1910’ என்பது நான்கு சொல்லில் நான்கு தவறு. அதே படத்துக்கு இப்படி எழுதலாம்: ‘தோராச் சுருளுடன் சமாரியத் தலைமைக் குரு. முகத்தை ஒப்பிட்டு யாக்கோபு பென் ஆரோன் எனக் கருதுகிறோம், சரியானால் படம் 1916க்கு முந்தியது. தலைப்பு காலனியின் விற்பனைப் பட்டியலிலிருந்து. அமெரிக்கன் காலனி புகைப்படப் பிரிவு, மேட்சன் தொகுப்பு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்.’ கடைசியில் நெகடிவ் எண். நீளமாக இருக்கிறது என்று வடிவமைப்பவர் முகம் சுளிப்பார். எழுத்தளவைக் குறைக்கச் சொல்லுங்கள், வரியைக் குறைக்க விடாதீர்கள். படத்தின் ஓரத்தையும் வெட்ட விடாதீர்கள். தட்டில் கீறிய எண்ணும், ஓரத்தில் நிற்கும் வழிகாட்டியும், பாதி தெரியும் முக்காலியும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் நூலகத்துக்கு எழுதுங்கள். ‘நூலகரைக் கேளுங்கள்’ என்ற படிவம் தளத்திலேயே இருக்கிறது. நெகடிவ் எண், இப்போதுள்ள தலைப்பு, நீங்கள் கண்ட திருத்தம், அதற்கான சான்று, இந்த நான்கையும் சுருக்கமாகக் கொடுங்கள். படம் இடவலமாகத் திரும்பியிருந்தால் எந்த எழுத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒருவரை அடையாளம் கண்டிருந்தால் ஒப்பிட்ட படம் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். உறுதி இல்லாவிட்டால் உறுதி இல்லை என்றே எழுதுங்கள். பதிவை மாற்றுவதா, குறிப்பாகச் சேர்ப்பதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.